பதற்றமா, படபடப்பா, பரபரப்பா? கலக்கத்துக்கும் அமைதிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும்தான் எனக்குச் சோறு போடுகிற வேலை. அதில் மற்ற எந்தச் சொற்களையும்விட இந்த ஒரு கூட்டத்தோடுதான் அதிகம் மல்லுக்கட்டியிருக்கிறேன். தெரிந்தவர்கள் வாட்ஸப்பில் கேட்டது, கூட வேலை செய்பவர்கள் கேட்டது, நானே எனக்குள் கேட்டுக்கொண்டது எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், வாய்விட்டு வாசித்தால் பிடிபட்டுவிடும்.

அஜிடேட்டட், டிஸ்டர்ப்டு, அப்செட், நெர்வஸ் எல்லாமே பதற்றம்தானே? ஏதாவது ஒன்றைப் போட்டால் போதாதா?

போதாது. தமிழிலேயே போதாதே. பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கும்போது வருவது படபடப்பு. இருட்டிய பிறகும் பிள்ளை வீடு திரும்பவில்லை என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பது தவிப்பு. முகூர்த்த நேரம் நெருங்கும்போது கல்யாண மண்டபத்தில் இருப்பது பரபரப்பு. இவற்றை இடம் மாற்றிப் போட்டால் நமக்கே காது உறுத்தும். ஆங்கிலக்காரனுக்கும் அப்படித்தான் உறுத்துகிறது, நம்மிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இங்கே ஆடுவது எது? உடம்பா, மனசா, கூட்டமா, தண்ணீரா, காற்றா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிச் சொற்கள் தானாகவே விலகிவிடும். இந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஏதோ ஒன்று ஆடுவதைச் சொன்னவை. மனசுக்கு வந்ததெல்லாம் பிறகுதான்.

சரி, அஜிடேட்டட் என்றால் சரியாக என்ன?

ஒரு கதை சொல்கிறேன். எங்கள் சித்தப்பா ஒருமுறை ஆபரேஷன் முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். மறுநாள் காலையில் அவருடைய இரவுக் குறிப்பில் 2 மணிக்கு நேராக "பேஷண்ட் அஜிடேட்டட், பிளஸ் 2" என்று எழுதியிருந்தது. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்துவிட்டு, "அவன் எஸ்.எஸ்.எல்.சி.யே தாண்டல, பிளஸ் டூன்னு போட்டிருக்கான். அஜிடேஷன்னா போராட்டம்ல? ஆஸ்பத்திரில வந்து யார்கிட்டடா போராட்டம் பண்ணினான்?" என்று கேட்டார். நர்ஸ் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நடந்தது இதுதான்: மயக்கம் பாதி தெளிந்த நிலையில் சித்தப்பா காலை உதறிக்கொண்டும் கையை எங்கெங்கோ வீசிக்கொண்டும் எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார்.

அந்த பிளஸ் 2 ஓர் அளவுகோலில் வருகிற எண். ரிச்மண்ட் அஜிடேஷன் செடேஷன் ஸ்கேல் என்று பெயர், அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் உருவாக்கி 2002-இல் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்கப் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைத்தான் வைத்துக்கொண்டு குறிக்கிறார்கள். நடுவில் பூஜ்யம், அதற்குப் பெயர் "அலெர்ட் அண்ட் காம்": விழிப்போடும் அமைதியோடும் இருப்பவர். அங்கிருந்து மேலே ஏறினால் பிளஸ் 1 ரெஸ்ட்லெஸ், அதாவது உள்ளுக்குள் கவலை, உடம்பில் அமைதியில்லை, ஆனால் அசைவில் முரட்டுத்தனம் இல்லை. பிளஸ் 2 அஜிடேட்டட், காரணமில்லாத அசைவு திரும்பத் திரும்ப வரும், செயற்கைச் சுவாசக் கருவியோடு மல்லுக்கு நிற்பார். பிளஸ் 3 வெரி அஜிடேட்டட், குழாய்களைப் பிடுங்குவார். பிளஸ் 4 காம்பேட்டிவ், பக்கத்தில் நிற்பவருக்கே அடி விழும். பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 1-இல் தூக்கக் கலக்கம் தொடங்கி மைனஸ் 5-இல் தொட்டு உலுக்கினாலும் எழாத நிலை வரை போகும்.

அகராதி சொல்லாததை இந்த ஏணி சொல்லிவிடுகிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ரெஸ்ட்லெஸ்ஸுக்கு ஒரு படி மேல் அஜிடேட்டட். இரண்டும் வெளியே தெரிகிற ஆட்டம். மனசுக்குள் மட்டும் இருக்கிற கவலையை அஜிடேட்டட் என்றால் கொஞ்சம் பொருந்தாது. குரல் உயர்ந்திருக்க வேண்டும், கை நடுங்கவோ கால் ஓரிடத்தில் நிற்க மறுக்கவோ வேண்டும். அதனால் ஆபீஸ் மெயிலில் "ஐ ஆம் அஜிடேட்டட்" என்று எழுதாதீர்கள், படிப்பவர் உங்கள் நாற்காலி உடைந்திருக்குமோ என்று நினைப்பார். "ஐ ஆம் கன்சர்ன்ட்" போதும்.

லத்தீனில் இதன் வேர் ஒன்றை ஓட்டிச் செல்வது, அசைத்துக்கொண்டே இருப்பது என்ற பொருள் உடையது. சில டாப் லோடு வாஷிங் மெஷினில் நடுவே நின்று துணியைப் புரட்டும் தண்டுக்கு அஜிடேட்டர் என்றுதான் பெயர். ரசாயன ஆய்வகத்தில் "அஜிடேட் ஜென்ட்லி" என்றால் குடுவையை மெதுவாகக் கலக்கு என்று பொருள். அந்தத் துணியை நினைவில் வைத்துக்கொண்டால் சொல் மறக்காது.

அப்படியானால் அஜிடேஷன் என்றால் போராட்டம் என்று பெரியப்பா சொன்னது தப்பா?

தப்பில்லை, பழைய நல்ல பொருள்தான். துணியைப் புரட்டுவதுபோல் மக்களைக் கிளப்பிவிடுவது. தமிழில் "கிளர்ச்சி" என்பதும் கிட்டத்தட்ட அதே படம், கிளறுவதும் கிளர்வதும் உறவுதானே. 1965-இன் இந்தி எதிர்ப்பை ஆங்கிலத்தில் இன்றும் ஆன்டி ஹிந்தி அஜிடேஷன் என்றே எழுதுகிறார்கள். ஆனால் 2017 ஜனவரியில் மெரினாவில் கூடியது பெரும்பாலும் ப்ரொடெஸ்ட் என்றே எழுதப்பட்டது. இந்திய ஆங்கிலத்தில் அஜிடேஷன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, விவசாயிகள், ஆசிரியர்கள், ஊழியர் சங்கம் என்று செய்திகளில் வரும். வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது மட்டும் ப்ரொடெஸ்ட் என்று மாற்றிவிடுவேன், இல்லாவிட்டால் அவர் வாஷிங் மெஷின் பக்கமோ ஆஸ்பத்திரிப் பக்கமோ போய்விடுவார்.

இங்கிலாந்தில் 1647-இல் நாடாளுமன்றப் படையின் சிப்பாய்கள் தங்கள் குறைகளைப் பேச தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதிகளுக்கு அஜிடேட்டர்ஸ் என்று பெயர் இருந்தது. அப்போது அது வசவுச் சொல் இல்லை. இன்று ஒருவரை அஜிடேட்டர் என்றால் தூண்டிவிடுகிறவர் என்ற குத்தல் உள்ளே இருக்கிறது, கவனம்.

"டிஸ்டர்ப் பண்ணாதே" என்கிறோம். ஆங்கிலத்தில் டிஸ்டர்ப்டு, டிஸ்டர்பிங் என்றால் ஏன் வேறு மாதிரி ஆகிறது?

இதில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். ஓட்டல் அறைக் கதவில் தொங்கும் அட்டையில் இருக்கும் டிஸ்டர்ப் சாதுவானது: தொந்தரவு, குறுக்கீடு. அதுவே டிஸ்டர்ப்டு ஆகி ஒரு மனிதருக்கு அடைமொழியானால், "ஹி இஸ் டிஸ்டர்ப்டு" என்றால், அவர் மனநலம் சரியில்லை என்ற பக்கம் போய்விடும். டிஸ்டர்பிங் என்றால் மனசைப் பிசைகிறது என்று பொருள். "எ டிஸ்டர்பிங் போட்டோ" என்றால் பார்த்த பிறகு இரவு தூக்கம் வராத படம். ஒருவர் மேனேஜருக்கு "யுவர் கால் வாஸ் டிஸ்டர்பிங்" என்று எழுதிவிட்டார். மீட்டிங் நடுவில் போன் வந்ததால் தொந்தரவாக இருந்தது என்று சொல்ல நினைத்தார், மேனேஜர் தான் என்ன பேசினோம் என்று நாள் முழுக்க யோசித்திருக்கிறார்.

இதன் வேர் லத்தீனில் டுர்பா, கூட்டம், அமளி. அதே குடும்பத்தில்தான் டர்புலன்ஸ், பெர்டர்ப்டு, கலங்கல் தண்ணீரைச் சொல்லும் டர்பிட் எல்லாம். பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த டிரபிளும் இதே வீட்டுப் பிள்ளைதான். இங்கே தமிழ்க்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நமக்கும் குளமும் கலங்கும், மனசும் கலங்கும். "கலங்கின குட்டையில மீன் பிடிக்கிறான்" என்பதை ஆங்கிலத்தில் "ஃபிஷ் இன் டிரபிள்ட் வாட்டர்ஸ்" என்கிறார்கள், சொல்லுக்குச் சொல் அதே. இப்படிப் பொருந்துவது அபூர்வம், அனுபவித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை. மனசு கலங்கினால் துக்கம், ஆனால் மேடையில் ஒருவன் "கலக்கிட்டான்" என்றால் கைதட்டல். ஆங்கிலத்திலும் "ஹி ராக்டு" என்கிறார்கள், ராக் என்றாலும் ஆட்டுவதுதானே.

விமானத்தில் சொல்லும் டர்புலன்ஸ்?

காற்றின் குலுக்கல். விமானிகள் இதை லைட், மாடரேட், சிவியர், எக்ஸ்ட்ரீம் என்று நான்காகப் பிரிக்கிறார்கள். மாடரேட் என்றாலே காபி கொட்டும், பெல்ட் இழுக்கும், ஆனாலும் விமானம் முழுக்கக் கட்டுப்பாட்டில்தான் இருக்கும். வாழ்க்கையில், அரசியலில், சந்தையில் வருகிற கொந்தளிப்புக்கும் இதைப் போடலாம். "டர்புலன்ட் இயர்ஸ்" என்றால் கொந்தளிப்பான ஆண்டுகள். தனி மனிதர் ஒருவர் கோபமாக இருக்கிறார் என்பதற்கு வேண்டாம்.

"டென்ஷன் ஆகாதே" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

டென்ஷனை விட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் டென்ஷன் என்பது இழுவிசை. கயிற்றில் இருக்கும், இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருக்கும், மாமியார் மருமகள் சேர்ந்து சமைக்கிற அடுப்படியில் இருக்கும். ஒரு மனிதர் டென்ஷன் ஆக மாட்டார், டென்ஸ் ஆவார், அல்லது ஸ்ட்ரெஸ்ட். "ஐ ஆம் டென்ஸ்ட்" என்று எழுதுவது நம் ஊர் ஸ்பெஷல், "ஐ ஆம் டென்ஸ்" என்பதே சரி. ஆறுதலாகச் சொல்ல "டோன்ட் வொரி", கோபம் தலைக்கேறியவரிடம் "டோன்ட் கெட் வொர்க்ட் அப்", அவ்வளவுதான். "மூட் அவுட்", "மூட் ஆஃப்" என்பதும் இப்படியே, நம் எல்லையைத் தாண்டினால் செல்லுபடியாகாது.

நெர்வஸ், ஆங்ஷியஸ், வொரிட் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

நெர்வஸ் குறுகிய காலத்துக்கு. இன்டர்வியூ அறைக்கு வெளியே உள்ளங்கை வியர்ப்பது, மேடை ஏறுமுன் வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பது. பெயர் கூப்பிட்டு, போய், பேசி முடித்தால் போய்விடும். இதன் பழைய பொருள் நரம்பும் தசைநாருமாகத் திடமாக இருப்பது என்றால் நம்புவீர்களா? தலைகீழாகிவிட்டது.

வொரிக்குக் குறிப்பிட்ட விஷயம் ஒன்று இருக்கும், அதைப் பற்றியே யோசனை சுற்றும். கரன்ட் பில், மகனின் கல்யாணம், மழையில் நனையும் நெல் மூட்டை. ஆங்ஷியஸில் விஷயம் தெளிவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஏதோ நடக்கப்போகிறது என்ற அடைப்பு மட்டும் இருக்கும். அடைப்பு என்று சும்மா சொல்லவில்லை. ஆங்ஷியஸின் லத்தீன் வேருக்கு நெரிப்பது என்று பொருள், நெஞ்சுவலிக்குச் சொல்லும் ஆஞ்சைனாவும் அதன் உறவுதான். வொரியின் பழைய ஆங்கிலப் பொருளும் கழுத்தை நெரிப்பது. பிரிட்டனில் நாய் ஆட்டைத் துரத்திக் கடிப்பதை இன்றும் சட்டத்தில் வொரியிங் என்றே சொல்கிறார்கள், 1953-இன் கால்நடைப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறது. நாமும் "கவலை தொண்டையை அடைக்குது" என்றுதானே சொல்கிறோம். உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

ஒரு பொறி மட்டும்: "ஐ ஆம் ஆங்ஷியஸ் டு மீட் யூ" என்றால் பயம் இல்லை, உங்களைப் பார்க்க ஆவல். பின்னால் வருவது டு-வா அபவுட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்செட் என்றால் சோகமா, கோபமா?

இரண்டும், அதோடு மனம் புண்படுவதும். "அப்செட் வித் யூ" என்றால் உங்கள் மேல் வருத்தமான கோபம், "அப்செட் அபவுட் தி ரிசல்ட்" என்றால் முடிவைப் பற்றிய வருத்தம். அடிப்படைப் படம் கவிழ்வது, படகு குப்புறக் கவிழ்கிறதே அப்படி. வயிற்றுக் கோளாறு அப்செட் ஸ்டமக். பந்தயத்தில் நோஞ்சான் அணி பலசாலியைக் கவிழ்த்தால் அதுவும் அப்செட்தான். 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா 183 ரன்னை வைத்துக்கொண்டு வெஸ்ட் இண்டீஸை 140-இல் சுருட்டியது கிரிக்கெட்டின் பெரிய அப்செட்களில் ஒன்று. அதைப் படித்துவிட்டு யாரோ அழுதார்கள் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

"ஆடிப் போயிட்டேன்" என்பதற்கு?

ஷேக்கன். "ஐ வாஸ் ஷேக்கன்." இதைவிடக் கச்சிதமாக எதுவும் இல்லை. ஷாக்டு என்றால் அந்த நொடியின் அதிர்ச்சி, ஷேக்கன் என்றால் அதற்குப் பிறகும் கால் நடுங்கிக்கொண்டிருப்பது.

செய்தித்தாளில் "அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது" என்று தினமும் வருகிறதே, அதை எப்படி ஆங்கிலமாக்குவது?

என் தொழிலின் தீராத தலைவலி. கிணற்றில் பாம்பு விழுந்தாலும் பரபரப்பு, எம்.எல்.ஏ. கட்சி மாறினாலும் பரபரப்பு, வெடிகுண்டு மிரட்டல் வந்தாலும் பரபரப்பு. ஒரே ஆங்கிலச் சொல் கிடையாது. மக்கள் கூடி வேடிக்கை பார்த்தால் "காஸ்ட் எ ஸ்டர்", ஸ்டர் என்றாலும் கலக்குவதுதான். சத்தமும் ஓட்டமும் இருந்தால் கமோஷன். பயம் இருந்தால் "பேனிக் ஸ்ப்ரெட்". சண்டை வரும்போல இருந்தால் "டென்ஷன் ப்ரிவெய்ல்டு", ஆமாம், இங்கே டென்ஷன் சரியான இடத்தில் உட்காருகிறது. பல நேரம் அந்த வரியையே வெட்டிவிடுவதுதான் நல்ல மொழிபெயர்ப்பு. நடந்ததைச் சொன்னாலே வாசகர் பரபரப்பாகிக்கொள்வார்.

இதன் தங்கை "பதற்றமான வாக்குச்சாவடி". தேர்தல் நேரத்தில் இதை டென்ஸ் பூத் என்று ஒருவர் மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன், சாவடிக்கே நகம் கடிக்கிற பழக்கம் இருந்த மாதிரி. ஆங்கிலத்தில் அது சென்சிடிவ் அல்லது வல்னரபிள் பூத்.

சட்டசபையில் அமளி, ரகளை, களேபரம்?

அப்ரோர் பொதுவாகச் சரி. இதில் ரோர் இருப்பதால் சிங்க கர்ஜனை என்று நினைப்பார்கள், ஆனால் இது ஜெர்மன் பக்கத்துச் சொல் ஒன்றைப் பார்த்து 16-ஆம் நூற்றாண்டில் வந்தது, கிளறிவிடுவது என்றுதான் அதன் பொருள், கர்ஜனை பின்னால் காதால் ஒட்டிக்கொண்டது. மைக்கைப் பிடுங்கி, பேப்பரைக் கிழித்து எறிந்தால் பான்டிமோனியம். மில்டன் 1667-இல் வெளியிட்ட தன் காவியத்தில் நரகத்தின் தலைநகருக்கு வைத்த பெயர் அது, எல்லாப் பேய்களும் கூடும் இடம். நம் சட்டசபைகளின் சில நாட்களைப் பார்த்தால் மில்டன் தப்பாக ஒன்றும் வைக்கவில்லை.

பெட்லம் என்ற சொல்லையும் பார்ப்பீர்கள். லண்டனில் 1247-இல் தொடங்கிய பெத்லெம் மடம் பிறகு மனநோயாளிகளின் மருத்துவமனை ஆனது, அந்தப் பெயர் மக்கள் வாயில் தேய்ந்து பெட்லம் ஆகி, கூச்சல் குழப்பத்துக்கே பெயராகிவிட்டது. எனக்கு இதைப் பயன்படுத்த மனம் வருவதில்லை, அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களின் கஷ்டம் அதில் இருக்கிறது. கேயாஸ் கிரேக்கத்தில் வாய் பிளந்த வெறுமை. 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர் காற்றுப் பொருள்களுக்கு கேஸ் என்று பெயர் வைத்ததே அந்தச் சொல்லைப் பார்த்துத்தான். சமையல் கேஸ் சிலிண்டரும் கேயாஸும் ஒரே வம்சம் என்று தெரிந்த நாளில் எனக்கு ஒரு வாரம் சிரிப்பு.

தமிழில் அமளிக்குப் பழைய இலக்கியத்தில் படுக்கை என்று ஒரு பொருள் உண்டு. இன்றைய அமளிக்கும் அந்த மெத்தைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஹெக்டிக், ஃபிரான்டிக் இரண்டும் பிஸி தானே?

ஹெக்டிக் நாள் என்றால் மூச்சுவிட நேரமில்லாத நாள். காசநோயின் விடாத காய்ச்சலுக்கும் அதில் கன்னம் சிவப்பதற்கும் இருந்த சொல் அது, வேலை நெருக்கடிக்கு வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஃபிரான்டிக்கில் வேலை மட்டும் இல்லை, பயமும் இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்த அம்மா ஃபிரான்டிக். அவரை ஹெக்டிக் என்றால் அபத்தம். ஹெக்டிக் நாளுக்கும் வேலைக்கும்தான், மனிதருக்கு இல்லை.

காம் என்றால் அமைதி. இதில் என்ன குழப்பம்?

குழப்பம் நம் பக்கம். தமிழில் "அமைதி" ஒரு பெரிய மூட்டை. சத்தமில்லாததும் அமைதி, சண்டையில்லாததும் அமைதி, அலையில்லாததும் அமைதி, மனசு அடங்குவதும் அமைதி. ஆங்கிலத்தில் மூட்டையைப் பிரிக்க வேண்டும். சத்தம் குறைவு என்றால் கொயட், சுத்தமாக இல்லை என்றால் சைலண்ட். போர் ஓய்ந்தால் பீஸ். அசைவே இல்லை என்றால் ஸ்டில். கொந்தளிக்கக்கூடிய ஒன்று கொந்தளிக்காமல் இருந்தால்தான் காம்: கடல், கூட்டம், மனிதர். கல் ஒருநாளும் காமாக இருக்காது, அது ஆட முடியாததால்.

பிறப்பு இன்னும் சுவாரசியம். காம் பிரெஞ்சு, இத்தாலியன் வழியாகப் பின்னால் போனால் கிரேக்கத்தில் சுடு வெயில் என்ற சொல்லில் போய் நிற்கிறது. நண்பகல் வெயிலில் ஆடு மாடு, மனிதர் எல்லாம் நிழலில் ஒதுங்க, காற்றும் ஓய்ந்து கிடக்கிற அந்த நேரத்தின் அசைவின்மைதான் காம் ஆனது. சித்திரை மாதம் பகல் ஒரு மணிக்கு நம் கிராமத்துத் தெருவில் நின்று பாருங்கள். நாய் திண்ணைக்கு அடியில், வேப்பிலை ஒன்றுகூட ஆடாது, எங்கோ ஒரு காக்கை கத்தும். அதுதான் அசல் காம், குளுகுளு என்று ஒன்றும் இல்லை.

கடலில் இந்த அமைதி நல்லதும் இல்லை. 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் வகுத்த காற்று அளவில் பூஜ்யத்துக்குப் பெயர் காம்: புகை நேராக மேலே போகும், கடல் கண்ணாடிபோல் இருக்கும். பாய்மரக் கப்பலுக்கு அது சாபம், நகரவே முடியாது, குடிதண்ணீர் தீரத் தீரக் காத்திருக்க வேண்டும். பூமத்திய ரேகையை ஒட்டிய அந்த ஓய்ந்த காற்றுப் பகுதிக்கு டோல்ட்ரம்ஸ் என்று பெயர், இன்றும் வியாபாரம் படுத்துவிட்டால் "இன் தி டோல்ட்ரம்ஸ்" என்பார்கள். அமைதியில் நிம்மதியும் உண்டு, தேக்கமும் உண்டு.

கம்போஸ்டு, சீரீன், பிளாசிட், டிராங்க்வில், கூல்: எது யாருக்கு?

கம்போஸ்டு என்பது ஒன்றாகச் சேர்த்து வைக்கப்பட்டது. உள்ளே சிதறக் காரணம் இருக்கிறது, ஆனால் சிதறவில்லை. துக்க வீட்டில் அழாமல் வந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் அக்கா கம்போஸ்டு. அவர் காம் என்றால் வேறு அர்த்தம், துக்கமே இல்லையோ என்று தோன்றும். இதற்கு நெருங்கிய தமிழ் "நிதானம்". நிதானம் இழந்தவர் என்றால் நம் ஊரில் குடித்திருக்கிறார் என்றும் பொருள், ஆங்கிலத்தில் அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் சொல் சோபர்.

சீரீன் முகத்துக்கும் வானத்துக்கும், தெளிந்த வானம் என்பதே அதன் வேர். மேலே சொன்ன கலங்கலுக்கு எதிர்ப்பக்கம் இது, நம் "தெளிந்த" மனசு. பிளாசிட் ஏரிக்கும் பசுவுக்கும் நன்றாகப் பொருந்தும், ஒரு மனிதருக்குப் போட்டால் கொஞ்சம் மந்தமானவர் என்ற நிழல் விழும். டிராங்க்வில் பெரும்பாலும் இடத்துக்கு. கூல் என்பது நெருக்கடியில் பதறாமை. தோனியை கேப்டன் கூல் என்றார்கள், கேப்டன் பிளாசிட் என்று சொல்லியிருந்தால் ரசிகர்கள் அடிக்க வந்திருப்பார்கள்.

நிம்மதிக்கு ஆங்கிலச் சொல் இருக்கிறதா?

ஒரே சொல்லில் இல்லை. கடன் அடைத்த அன்று வருவது ரிலீஃப். கடன் இல்லாமல் வாழ்வதில் இருப்பது பீஸ் ஆஃப் மைண்ட். "நிம்மதியாத் தூங்கினேன்" என்றால் "ஐ ஸ்லெப்ட் பீஸ்ஃபுலி". காம் எதிலும் ஒட்டாது. நிம்மதி என்பது பாரம் இறங்குவது, காம் என்பது அலை அடங்குவது.

போலீஸ், கோர்ட் சம்பந்தமான செய்தியில் "பொது அமைதிக்குக் குந்தகம்" வந்தால்?

பப்ளிக் டிராங்க்விலிட்டி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம், சட்டத்தின் சொல்லே அதுதான். இந்திய தண்டனைச் சட்டத்தின் 8-ஆவது அத்தியாயம், 141 முதல் 160 வரையிலான பிரிவுகள், அந்தத் தலைப்பில்தான் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே சொல் தொடர்கிறது. கவிதையில் ஏரிக்கரையில் கிடந்த டிராங்க்வில் இங்கே லத்தியோடு நிற்கிறது.

கோபமாக இருப்பவரிடம் "காம் டவுன்" சொல்லலாமா?

சொல்லிப் பாருங்கள், இரண்டு மடங்கு கத்துவார். இலக்கணம் சரி, தொனிதான் பிரச்சினை: நீ மிகைப்படுத்துகிறாய் என்று சொல்வதுபோல் விழும். "ஐ அண்டர்ஸ்டாண்ட், லெட்ஸ் ஸீ வாட் வி கேன் டூ" என்று போவது நல்லது. ரிலாக்ஸ், சில் எல்லாம் நண்பர்களுக்குள் மட்டும். நம் "சரி சரி, விடுங்கண்ணே, முதல்ல தண்ணி குடிங்க" என்பதற்கு இணையாக ஆங்கிலத்தில் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

"கீப் காம் அண்ட் கேரி ஆன்" எங்கிருந்து வந்தது?

1939-இல் போர் மூளும் நேரத்தில் பிரிட்டிஷ் அரசு அச்சடித்த சுவரொட்டி. இருபது லட்சத்துக்கும் மேல் அடித்துவிட்டு ஒட்டாமலே வைத்திருந்தார்கள், பெரும்பகுதி காகிதக் கூழுக்குப் போனது. 2000-இல் வடக்கு இங்கிலாந்தின் ஆனிக் ஊரில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் ஏலத்தில் வாங்கிய பெட்டிக்குள் ஒரு பிரதி கிடைத்து, கடைச் சுவரில் மாட்டிய பிறகுதான் உலகம் முழுக்க டீ கப் வரை ஏறியது.

கடைசியாக, எழுத்துப் பிழை எதில் அதிகம் வருகிறது?

காமில் எல் இருக்கிறது, வாயில் வராது. டிராங்க்விலிட்டியை பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு எல் போட்டு எழுதுவார்கள், அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் உண்மையான எமன் கொயட்டும் கொய்ட்டும்தான். இரண்டு எழுத்து இடம் மாறினால் "அமைதியாக" என்பது "மிகவும்" ஆகிவிடும், ஸ்பெல் செக்கும் பிடிக்காது. ஒரு பள்ளிக்கான அறிவிப்புப் பலகையை அச்சுக்குப் போவதற்கு முன் என்னிடம் திருத்தக் கொடுத்தார்கள். "ப்ளீஸ் பி கொய்ட்" என்று இருந்தது. தயவுசெய்து மிகவும் இருங்கள்.